கொள்ளாம்: கல்லூரி முன்கள வீரர்களை எடைபோடும் மொழி

நீண்ட பதிவு. கூடைப்பந்தில் ஆர்வமில்லாத மொழியியல் நண்பர்களும், மொழியியலில் ஆர்வமில்லாத உடற்கல்வித் துறை நண்பர்களும் சற்றுப் பொறுத்து வாசிக்க வேண்டுகிறேன். இரு தரப்பாருக்கும் இதில் வேலை இருக்கிறது.

ஆண்டுதோறும் ஜூன் மாத இறுதியில் அமெரிக்காவின் என்பிஏ அமைப்பு, இளம் கூடைப்பந்து ஆட்டக்காரர்களைத் தன் அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ என்னும் நிகழ்வை நடத்துகிறது. முப்பது அணிகள், இரண்டு சுற்றுகள், ஏறத்தாழ 60 பெயர்கள். முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை. அவற்றுக்குள் முதல் சில இடங்கள் குலுக்கலில் முடிவாகும். அந்த நாளுக்கு முன் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பற்றி ஸ்கவுட்டுகள் எழுதும் மதிப்பீட்டுக் குறிப்புகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்துவருகிறேன். மனிதர்களை மதிப்பிடும்போது மொழி என்ன செய்கிறது என்பது என் ஆய்வை ஒட்டிய கேள்வி. பணி நேர்காணல் குறிப்புகளும் ஆய்வேட்டுத் தேர்வாளர் அறிக்கைகளும் பூட்டிய அலமாரிக்குள் இருப்பவை. டிராஃப்ட் குறிப்புகளோ பொதுவெளியில் கிடைக்கின்றன; ஐந்தாண்டு கழித்து அவை சரியா தவறா என்று எவரும் சரிபார்க்கலாம். ஒரு மொழியியல் மாணவிக்கு இதைவிட நல்ல தரவு எளிதில் அமையாது.

அந்தக் குறிப்புகளில் என்னை அதிகம் ஈர்த்தவை முன்கள வீரர்களைப் பற்றியவை. காரணம் எளிது. பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்தும் கார்டு என்ன செய்ய வேண்டும் என்பதில் பெரிய குழப்பமில்லை. கூடைக்கு அருகில் நிற்கும் சென்டரின் பணியும் ஓரளவு தெளிவு. இவ்விருவருக்கும் இடைப்பட்ட பரப்பு முழுவதும் முன்கள வீரருடையது. அதிலும் இரு வகை: வெளியிலிருந்து எறிந்தும் ஊடுருவியும் ஆடும் ஸ்மால் ஃபார்வர்டு, உள்ளே முட்டிமோதி ரீபவுண்டு எடுக்கும் பவர் ஃபார்வர்டு. கல்லூரி ஆட்டத்தில் இரண்டையும் கலந்து ஆடி ஒருவன் வெற்றி பெற்றுவிடலாம். தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்லும்போதுதான் ‘இவன் யாரைத் தடுப்பான்? இவனை யார் தடுப்பார்?’ என்ற கேள்வி எழுகிறது. எண்கள் அதற்குப் பாதி விடைதான் தருகின்றன. மீதியைச் சொற்கள் நிரப்புகின்றன. சொற்கள் நிரப்பும் இடத்தில்தான் பிழைகளும் நுழைகின்றன.

2011ஆம் ஆண்டு டிராஃப்டை எடுத்துக்கொள்வோம். அரிசோனா பல்கலைக்கழகத்தின் முன்கள வீரர் டெரிக் வில்லியம்ஸ் இரண்டாவது ஆளாக மினசோட்டா அணிக்குத் தேர்வானார். அவரது கடைசிக் கல்லூரிப் பருவத்தின் மூன்று புள்ளி எறிதல் விகிதம் 56.8 விழுக்காடு. பார்த்தவுடன் வியக்கவைக்கும் எண். ஆனால் அது வெறும் 74 எறிதல்களில் வந்தது. மேலும், அக்காலக் கல்லூரி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 20 அடி 9 அங்குலத்தில் இருந்தது. என்பிஏவில் அது நடுப்பகுதியில் 23 அடி 9 அங்குலம். மூலைகளில் மட்டும் 22 அடி. ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு செயல்களை ஒரே செயலாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. வில்லியம்ஸ் அந்த விகிதத்தைத் தொழில்முறை ஆட்டத்தில் ஒருபோதும் நெருங்கவில்லை.

அதே டிராஃப்டில் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் முன்கள வீரர் ஒருவர் பதினைந்தாவது ஆளாகத்தான் அழைக்கப்பட்டார். பெயர் கவாய் லெனார்டு. கல்லூரியில் அவர் ஆடிய இரு பருவங்களிலும் மூன்று புள்ளி எறிதலில் மூன்றில் ஒன்றைக்கூட அவர் கூடைக்குள் போடவில்லை. ஆனால் கடைசிப் பருவத்தில் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேற்பட்ட ரீபவுண்டுகள். 7 அடி 3 அங்குலக் கைவிரிப்பு. மிகப் பெரிய உள்ளங்கைகள். ஃப்ரீ த்ரோ விகிதம் ஏறத்தாழ 76 விழுக்காடு. இந்தியானா அணி தேர்ந்தெடுத்த அவரை, நன்கு ஆடிக்கொண்டிருந்த ஜார்ஜ் ஹில் என்ற கார்டை விட்டுக்கொடுத்து அன்றிரவே சான் அன்டோனியோ அணி பெற்றுக்கொண்டது. அங்கே அவரது எறிமுறையைத் திருத்தினார்கள். முதல் பருவத்திலேயே மூன்று புள்ளி விகிதம் 37 விழுக்காட்டைத் தாண்டியது. 2014இலும் 2019இலும் இறுதிப்போட்டித் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது.

இவ்விருவரையும் ஒப்பிட்டு ‘ஸ்கவுட்டுகள் முட்டாள்கள்’ என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் பார்த்தது தவறில்லை. வில்லியம்ஸ் அந்தப் பந்துகளைக் கூடைக்குள் போட்டது உண்மை. லெனார்டு போடாததும் உண்மை. சோம்ஸ்கி 1965இல் வகுத்துக் காட்டிய மொழித்திறன், மொழிச்செயல் என்ற வேறுபாடு நம் துறையில் அனைவருக்கும் பாடம். கண்முன் நிகழ்ந்த செயலிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத திறனை ஊகிப்பதே ஸ்கவுட்டின் வேலையும். எந்தச் செயல் எந்தத் திறனுக்குச் சாட்சி என்பதில்தான் அனைத்தும் தங்கியிருக்கிறது. ஃப்ரீ த்ரோ எப்போதும் ஒரே தொலைவிலிருந்து, தடுப்பவர் எவருமின்றி எறியப்படுவது; ஆகவே பின்னாளில் ஒருவர் எவ்வளவு நன்றாக எறிவார் என்பதற்குச் சிறிய எண்ணிக்கையிலான மூன்று புள்ளி எறிதல்களைவிட அதுவே நம்பத்தக்க சாட்சி எனப் புள்ளிவிவர ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ரீபவுண்டும் பந்துப் பறிப்பும் ஆட்டத்தின் நிலை மாறினாலும் ஓரளவு கூடவே வருகின்றன. வயதும் முக்கியம்: பத்தொன்பது வயதில் எடுத்த பதினைந்து புள்ளியும் இருபத்திரண்டு வயதில் எடுத்த பதினைந்து புள்ளியும் ஒன்றல்ல.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். முன்கள வீரர்களைப் பற்றிய குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் மூன்று சொற்கள் உண்டு. முதலாவது ‘மோட்டார்’. ஓயாமல் ஓடுபவனுக்கு நல்ல மோட்டார் இருப்பதாக எழுதுவார்கள். உழைப்பை உடலுறுப்பாக மாற்றிவிடும் சொல் இது. ஒருவன் முயன்று செய்வதை அவனிடம் இயல்பாகவே பொருத்தப்பட்டிருந்த கருவியின் வேலையாகக் காட்டுகிறது. இரண்டாவது ‘அப்சைடு’, அதாவது இனி வளரக்கூடிய அளவு. இந்தச் சொல்லுக்கு எதிர்காலம் மட்டுமே உண்டு. நிறைவேறினால் மதிப்பிட்டவரின் கூர்மை. நிறைவேறாவிட்டால் ஆட்டக்காரனின் சோம்பல். எப்படிப் பார்த்தாலும் எழுதியவருக்கு இழப்பில்லை.

மூன்றாவது சொல் ‘ட்வீனர்’. ஸ்மால் ஃபார்வர்டாக ஆட வேகம் போதாது, பவர் ஃபார்வர்டாக ஆட உயரம் போதாது, இரண்டுக்கும் நடுவில் சிக்கியவன் என்று பொருள். நெடுங்காலம் இது ஏறக்குறைய நிராகரிப்பு முத்திரை. 2012 டிராஃப்டில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டிரேமண்ட் கிரீன் மீது இந்த முத்திரை விழுந்தது. நான்கு ஆண்டுகள் கல்லூரியில் ஆடி, தன் பிரிவின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றவர். அவருக்கு முன் 34 பெயர்கள் அழைக்கப்பட்டன. பின்னாளில் கோல்டன் ஸ்டேட் அணி வென்ற நான்கு கோப்பைகளிலும் அவர் இருந்தார். 2017இல் என்பிஏவின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் பெற்றார். உயரம் போதாது என்று கருதப்பட்டவர் சென்டர் இடத்திலேயே நின்று ஆடினார். ஐவரில் எவரையும் தடுத்தார். பந்தைப் பெற்று மற்றவர்க்குப் பங்கிட்டார்.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வர வேண்டும். தொல்காப்பியர் பெயர், வினை ஆகியவற்றோடு நிறுத்தவில்லை. இடைச்சொல்லுக்கு ஓர் இயல் முழுவதையும் ஒதுக்கினார். இடைச்சொல் தனித்து நின்று பொருள் தருவதில்லை. பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும். ‘உம்’மைத் தனியே எழுதி அதன் மதிப்பு என்ன என்று கேட்டால் விடையில்லை, ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் அது இல்லாமல் வாக்கியமே நிற்காது. ட்வீனர் என்ற சொல் ஆட்டக்காரனின் குறையைப் பெயரிடுவதாகத் தோன்றினாலும், உண்மையில் அது பெயரிடுவது மதிப்பிடுபவரிடம் உள்ள வகைப்பாட்டின் குறையை. இரண்டே பெட்டிகள் உள்ள அலமாரியில் மூன்றாவது வகைப் பொருளுக்கு இடம் கிடைக்காது. கிரீனைத் தனியாக நிறுத்தி அளந்தால் ஆறரை அடி உயரமுள்ள, பெரிதாகத் தாவாத ஒருவர். சரியான நால்வரோடு நிறுத்தினால் ஆட்டமே மாறியது.

இவ்வளவும் எங்கோ நடப்பது. இங்கே என்ன நடக்கிறது என்பதே நான் எழுத வந்தது.

கேரளத்திலும் தமிழகத்திலும் கல்லூரிக் கூடைப்பந்து செழிப்பாகவே இருக்கிறது. சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் படித்த கீது அன்னா ஜோஸ் தென்னக ரயில்வேக்கு ஆடினார். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். இந்திய அணியின் தலைவராகவும் விளங்கினார். வில்லியம்ஸும் லெனார்டும் டிராஃப்டுக்குக் காத்திருந்த அதே 2011இல் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று மகளிர் தொழில்முறை அணிகள் அவரை நேரில் சோதித்துப் பார்க்க அழைத்தன. அந்த அழைப்பைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. 2015இல் பஞ்சாபின் பல்லோ கே ஊரைச் சேர்ந்த சத்னாம் சிங் 52ஆவது ஆளாக டல்லாஸ் அணிக்குத் தேர்வானார். என்பிஏ டிராஃப்டில் அழைக்கப்பட்ட முதல் இந்தியர். 2017இல் முன்கள வீரர் அம்ஜோத் சிங் என்பிஏவின் துணை லீகில் ஓக்லஹோமா சிட்டி ப்ளூ அணிக்குச் சென்றார். இவை விதிவிலக்குகள். 2022இல் தொடங்கிய இந்திய தேசியக் கூடைப்பந்து லீகில் கொச்சிக்கும் சென்னைக்கும் அணிகள் இருந்தன என்றாலும், அதை நம்பி ஒரு குடும்பம் வாழ்ந்துவிட முடியும் என்று எந்தப் பயிற்சியாளரும் தன் மாணவனிடம் சொல்லமாட்டார்.

நம் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு உண்மையான டிராஃப்ட் என்பது விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கேரள மின்வாரியம், காவல்துறை முதலியவற்றின் அணிகளே இங்கே தொழில்முறை அணிகள். அங்கே இடம் கிடைப்பது என்றால் மாதச் சம்பளம், ஓய்வுக்காலப் பாதுகாப்பு, வீட்டுக் கடன் பெறும் தகுதி. கிடைக்காவிட்டால் இருபத்திரண்டு வயதில் ஆட்டம் முடிந்தது.

நான் போனக்காட்டைச் சேர்ந்தவள். விதுராவிலிருந்து மேலேறும் சாலையின் முடிவில், அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டம். மலையேற்றம் வருவோருக்கு அது புறப்படும் இடம். பேய் பங்களாக் கதை கேட்டு வருவோருக்கு ஒரு வேடிக்கை. எங்களுக்கு அது லயங்கள், நின்றுபோன தொழிற்சாலை, வரவேண்டிய கூலி. தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம்.

என் சித்தி மகன் ஒருவன், என்னைவிட ஆறு வயது இளையவன், அங்கிருந்து மலையிறங்கிப் படிக்கச் சென்ற இடத்தில் கூடைப்பந்து ஆடத் தொடங்கினான். தோட்டத்தில் கூடைப்பந்துக் களம் கிடையாது. தொழிற்சாலை முற்றத்தில் கைப்பந்து ஆடியதில் அவனுக்குத் தாவல் வாய்த்தது. உயரம் 187 சென்டிமீட்டர். கல்லூரி அணியில் அவனே உயரமானவன் என்பதால் கூடைக்கு அடியில் நிறுத்தினார்கள். மூன்று ஆண்டுகள் அங்கேயே நின்று, தன்னைவிடக் கனத்தவர்களோடு மோதி, ரீபவுண்டு எடுத்து, தடுப்பரண் போட்டு, பந்தைக் கார்டுகளிடம் கொடுத்தான். புள்ளிப் பட்டியலில் அவன் பெயர் நடுவில்தான் இருக்கும். மேல்நிலை ஆட்டத்தில் 187 சென்டிமீட்டரை வைத்துக் கூடைக்கு அடியில் நிற்க முடியாது. வெளியே வந்து ஆட வேண்டும். வெளியே ஆட அவனை எவரும் அனுமதித்ததில்லை. ஸ்கவுட்டுகளின் அகராதியில் அவன் ஒரு முழுமையான ட்வீனர்.

படிப்பு முடிந்த ஆண்டில் ஒரு நிறுவனத்தின் விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வுக்குச் சென்றான். உயரம், ஓட்டம், தாவல் ஆகியவற்றை அளந்தார்கள். பிறகு அறிமுகமில்லாத பத்துப் பேரை இரண்டு அணிகளாகப் பிரித்து இருபது நிமிடம் ஆடவிட்டார்கள். இத்தகைய ஆட்டம் முன்கள வீரனுக்கு எவ்வளவு பாதகமானது என்பதை ஆடியவர்கள் அறிவார்கள். வேலை தேடி வந்த கார்டு பந்தைக் கைவிடமாட்டான். அது அவன் குற்றமும் இல்லை, அவனுக்கும் காட்ட இருபது நிமிடம்தான். மூன்று ஆண்டுகள் ஒரே கார்டோடு ஆடிப் பழகியவன், இந்தக் கார்டு எப்போது பந்தைத் தருவான் என்று தெரியாமல் அங்குமிங்கும் ஓடினான். இடைச்சொல்லை வாக்கியத்திலிருந்து பிரித்தெடுத்துப் பொருள் கேட்ட கதைதான்.

ஆட்டம் முடிந்ததும் தேர்வாளர்களில் ஒருவர் அவன் தோளில் தட்டி, ‘கொள்ளாம்’ என்றார்.

மலையாளத்தில் கொள்ளாம் என்றால் நன்று, பரவாயில்லை என்று பொருள். சமையலைப் பாராட்டவும் அச்சொல் உண்டு, பேச்சை முடித்துக்கொள்ளவும் உண்டு. சொல்பவரின் குரலைப் பொறுத்து அதன் எடை மாறும். அதன் வேரோ நம் ‘கொள்’ தான். கொள்ளத்தக்கது என்பதிலிருந்து நன்று என்ற பொருள் கிளைத்தது. அவனுக்கு இரு மொழியும் தெரியும். அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்று அப்போதே விளங்கிவிட்டது. சித்திக்கு மலையாளம் கடைவீதி அளவுக்கே. அன்றிரவு தொலைபேசியில் நடந்ததைக் கேட்டவர் என்னிடம், ‘கொள்ளலாம்னுதானே சொல்லியிருக்காரு, பிறவு என்ன?’ என்றார். நான் பொருளைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, ‘அப்போ அதை எங்கயாவது எழுதியிருப்பாங்களா?’ என்று கேட்டார்.

அந்தக் கேள்வி ஏன் அவருக்குத் தோன்றியது என்று எனக்குத் தெரியும். கொழுந்து பறித்த காலத்தில் நாள்தோறும் எடை போடும்போது, தன் கூடையின் எடை புத்தகத்தில் எழுதப்படும்வரை அவர் தராசை விட்டு நகர்ந்ததில்லை. எத்தனை கிலோ, ஈரத்துக்கும் கூடைக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்டுக்கொண்டே நிற்பார். கழித்தது அநியாயம் என்று சண்டை போட வேண்டுமானால் முதலில் அது எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். வாயால் சொன்ன எடையோடு எவரும் சண்டை போட முடியாது.

சில வாரங்களில் தேர்வானோர் பட்டியல் வந்தது. அவன் பெயர் இல்லை. ஏன் என்று ஒரு வரி வரவில்லை. உயரம் போதவில்லையா, எறிதலா, வேகமா, அல்லது அந்த இடத்துக்கு அவர்களுக்கு வேறு வகை ஆட்டக்காரன் தேவைப்பட்டானா? எதுவாயினும் அது நியாயமான காரணமாகவே இருக்கலாம். அவனுக்குத் தெரியாது என்பதே என் குறை. எதைத் திருத்திக்கொண்டு அடுத்த தேர்வுக்குச் செல்வது என்று தெரியாமல் அவன் அந்த ஆண்டு முழுவதும் தாவல் பயிற்சி செய்தான். தேவைப்பட்டது வெளியிலிருந்து எறியும் பயிற்சியாகவும் இருந்திருக்கலாம். இப்போது நெடுமங்காட்டில் ஒரு கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறான்.

ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிக்கைகளைப் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் முறை நினைவிருக்கும். நூற்றுக்கு 50 முந்தைய சாதனைகளுக்கு. 10 கல்வித் தகுதிக்கு. எஞ்சிய 40 ஆட்டத்திறன், உடல் தகுதி, பயிற்சியாளரின் அவதானிப்பு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து. எழுதப்பட்ட முறை இருப்பது நல்லது. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் சாதனைக்கான மதிப்பெண்ணில் ஒருவன் எந்த அணியில் ஆடினான் என்பது பெரும்பங்கு வகிக்கிறது. அணி தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியைத் தாண்டாவிட்டால் அதன் முன்கள வீரனும் தாண்டமாட்டான். அந்த 40இலோ, அளக்கக்கூடிய ஒன்றும் பார்க்கக்கூடிய ஒன்றும் சொல்லால் மட்டுமே குறிக்கக்கூடிய ஒன்றும் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன. அந்த எண்ணிலிருந்து எவரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஆட்டக்காரனும் முடியாது, தேர்வாளரும் முடியாது.

இதனால்தான் அமெரிக்க ஸ்கவுட்டுகளின் தவறுகளை நான் கேலி செய்வதில்லை. கிரீனை ட்வீனர் என்று எழுதியவர்கள் தவறினார்கள். எழுதினார்கள் என்பதால் தவறியது தெரிந்தது. தெரிந்ததால் பிறகு வந்த ஆண்டுகளில் அந்தச் சொல்லின் வசைத்தன்மையே குறைந்தது. இன்று ஒரே ஆட்டக்காரன் பல இடங்களில் நின்று தடுப்பதை அதே துறை பெரும் தகுதியாகப் போற்றுகிறது. ஒரு துறை தன் சொற்களைத் திருத்திக்கொள்ள வேண்டுமானால், பழைய சொற்கள் எங்கேனும் பதிவாகியிருக்க வேண்டும். நம் தேர்வுகளில் சொல் தோள்தட்டலோடு காற்றில் போய்விடுகிறது. பத்தாண்டுகளில் நாம் எத்தனை முன்கள வீரர்களைத் தவறாக நிராகரித்தோம் என்று கேட்டால், கணக்கெடுக்க ஒரு தாளும் இல்லை.

உடற்கல்வித் துறை நண்பர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கல்லூரி அணிக்கான தேர்விலிருந்தே தொடங்கலாம். ஒவ்வொரு முன்கள வீரனுக்கும் ஒரு பக்கம் போதும். அளந்தவை தனியே: உயரம், கைவிரிப்பு நீளம், நின்று எட்டும் உயரம், வயது. எண்ணியவை தனியே: எத்தனை நிமிட ஆட்டத்தில், எத்தகைய எதிரணிக்கு எதிராக, எத்தனை எறிதலில் எத்தனை. கண்டவை தனியே: எந்த இடத்தில் நிறுத்தப்பட்டான், யாரைத் தடுத்தான், பந்து இல்லாதபோது என்ன செய்தான். கடைசியில் தேர்வாளரின் முடிவு ஒரு முழு வாக்கியத்தில், எழுவாயும் பயனிலையும் காரணமும் உள்ளதாக. ‘நன்று’, ‘போதாது’ என்ற ஒற்றைச் சொற்களுக்கு அங்கே இடம் வேண்டாம். தேர்வாட்டத்தில் முன்கள வீரனை அவனுக்குப் பழக்கமான ஒரு கார்டோடு பத்து நிமிடமாவது ஆடவிடலாம், இதற்குச் செலவில்லை. அந்தத் தாளின் படி ஒன்றை ஆடியவன் கையில் கொடுக்க வேண்டும்.

மொழியியல் மாணவர்களுக்கும் வேலை உண்டு. மலையாளத்திலும் தமிழிலும் நம் பயிற்சியாளர்கள் ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசும் சொற்களை இதுவரை முறையாகத் தொகுத்த பணி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. கொள்ளாம், மோசமில்லை, கை இருக்கு, உடம்பு இல்லை, பையன் தேறுவான். ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பு. ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஒரு வேலை, ஒரு குடும்பம். வரும் பருவத்துப் பல்கலைக்கழகப் போட்டிகளில் இவற்றைப் பதிவு செய்யத் தொடங்கவிருக்கிறேன். கூட வர விரும்புவோர் எழுதுங்கள். களத்தோரம் உட்காரவும் குறிப்பெடுக்கவும் பொறுமை இருந்தால் போதும். கூடைப்பந்து விதிகளைச் சித்தி மகன் சொல்லிக்கொடுப்பான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவனுக்கு ஆட்டம் இருக்கும்.